அருங்காட்சியக வேலை: சம்பளமில்லாத பெரிய இடமா, டிக்கெட் கவுன்ட்டரா?

கலை வரலாற்றில் இளங்கலை முடித்த 22 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

ஓவிய அருங்காட்சியகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, பெயர்பெற்ற பெரிய அருங்காட்சியகத்தின் கண்காட்சிப் பிரிவில் ஓராண்டு இன்டர்ன்ஷிப். சம்பளம் கிடையாது; கேட்டால் நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குகிறார். கையெழுத்துப் போடச் சொல்லி வந்த தாளில், அவர் அங்கே எழுதுவதெல்லாம் அருங்காட்சியகத்துக்கே சொந்தம் என்றும், நடுவில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டாவது, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சிறிய அருங்காட்சியகத்தில் டிக்கெட் கவுன்ட்டரும் வரவேற்பும். சம்பளம் உண்டு, வாரத்தில் இரண்டு நாள் ஓவியக் கிடங்கிலும் உதவ வேண்டும். அதற்கு நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்றாவது, கல்விக்கடன் வாங்கி அருங்காட்சியகவியலில் முதுகலை.

"டிக்கெட் கிழிக்கவா பட்டம் வாங்கினாய்?" என்று கேட்கிறார் அப்பா. வாசகிக்கும் சில எண்ணங்கள் இருக்கின்றன. நிர்வாகத்தில் நுழைந்துவிட்டால் சில வருடங்களில் காப்பாட்சியர் ஆகிவிடலாம். முதுகலை இல்லாதவரை யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். தனக்குக் கணக்கு வராது, கலைத் துறையில் அது தேவைப்படாது. இவர் நீர்வண்ண ஓவியமும் வரைகிறார். தெரிந்தவர் நடத்தும் கேலரி மூலம் மூன்று படங்கள் விற்றிருக்கின்றன. கடிதத்தின் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி: கல்லூரியில் கடைசி வருடம், துறையின் அலமாரிகளில் கிடந்த 64 பழைய மாணவர் ஓவியங்களுக்கு எண் போட்டு ஒரு நோட்டில் பட்டியல் எழுதினாராம். முடிவில் கேட்கிறார்: "நேர்காணலுக்கு என் ஓவியங்களை எடுத்துக்கொண்டு போகலாமா?"

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்த 64 ஓவியங்களைப் பற்றிய வரியில் இரண்டு தடவையும் நின்றேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நிர்வாகம் வேறு தடம்

நிர்வாகத்தில் சேர்ந்து காப்பாட்சியர் ஆனவர்கள் அபூர்வமாக இருக்கலாம். அதை நம்பி வேலைக்குச் சேராதீர்கள். காப்பாட்சியர் ஒரு காலத்தையோ ஓவிய மரபையோ பல வருடம் ஆராய்ந்து, பல இடங்களில் முனைவர் பட்டம் வரை போய், எதை வாங்குவது, எதை எதன் பக்கத்தில் மாட்டுவது என்று முடிவு செய்கிறவர். நிர்வாகத்தின் வேலைகள் வேறு. இரவல் ஒப்பந்தம், காப்பீடு, பதிவேடு, பட்ஜெட், நன்கொடை, ஆள் எடுப்பது, கட்டடப் பராமரிப்பு, பார்வையாளர் சேவை, படங்களை அச்சிட அனுமதி தருவது என்று அது பல கிளைகளாகப் பிரியும். ஏதாவது ஒரு கிளையில் கைதேர்ந்தவர்கள்தான் மேலே வருகிறார்கள். காப்பாட்சியர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டே அலுவலக மேஜையில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டிலும் தேறாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் நாள் முழுக்க என்ன வேலை? நீர்வண்ண ஓவியங்களின் கண்காட்சி ஒன்றை மூன்று மாதத்துக்குப் போட்டிருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் நன்றாக வருகிறது. பணம் கொடுத்த ஸ்பான்சர், இன்னும் இரண்டு மாதம் நீட்டித்தால் என்ன என்கிறார். வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். காகிதத்தில் செய்த படைப்புகளுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் வழக்கமான வரம்பு. எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் வரை போகலாம். 50 லக்ஸ் என்பதாலேயே பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. நாள் கூடக்கூடச் சேதமும் கூடும், மங்கிய நிறம் திரும்ப வராது. அதனால்தான் காட்டிய படத்தைக் கொஞ்ச காலம் இருட்டில் ஓய்வாக வைக்கிறோம்.

இப்போது ஓவியங்களைப் பேணும் வல்லுநர் முடியவே முடியாது என்கிறார். ஸ்பான்சருக்குக் கோபம். பாதிப் படங்கள் இரவலாக வந்தவை. ஒப்பந்தமும் காப்பீடும் குறித்த தேதியோடு முடிகின்றன. திருப்பி அனுப்ப லாரியும் பேசியாகிவிட்டது. எல்லோருக்கும் நடுவில் உட்கார்ந்து, நொய்ந்த படங்களை மட்டும் மாற்றிவிட்டுக் கண்காட்சியைத் தொடர வழி உண்டா, அதற்கு யாரிடம் எழுதி வாங்க வேண்டும், யார் செலவு என்று பார்ப்பதுதான் நிர்வாகம். அன்றைக்கு நீங்கள் ஓவியத்தின் முன்னால் நின்ற நேரம் பத்து நிமிடம் இருக்கலாம். மீதியெல்லாம் போனும் மின்னஞ்சலும்தான். இதைப் படிக்கும்போதே மனம் சுருங்கினால், இப்போதே தெரிந்துகொண்டது நல்லது. எனக்கு இந்த வேலை இத்தனை வருடத்துக்குப் பிறகும் பிடித்திருக்கிறது.

இதில் எழுத்துப் பதிவு எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 1911 ஆகஸ்ட் 21, திங்கட்கிழமை. பார்வையாளர்களுக்கு விடுமுறை நாள். அன்றுதான் மோனா லிசா திருடுபோனது. எடுத்துப் போனவர் அங்கே முன்பு கண்ணாடி பொருத்தும் வேலை செய்தவர். சுவர் வெறுமையாக இருந்ததைக் காவலர்கள் பார்க்காமல் இல்லை. புகைப்படம் எடுக்கக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள். மறுநாள்தான் திருட்டே தெரிந்தது. படம் கிடைக்க 1913 டிசம்பர் ஆனது. இன்றைக்கு ஒழுங்காக நடக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு படம் சுவரிலிருந்து இறங்கினால், யார் இறக்கினார், எங்கே போகிறது, எப்போது திரும்பும் என்பது உடனே பதிவாகிவிடும். வெறுமையான இடத்தில் சீட்டும் தொங்கும். அந்தப் பதிவைக் காப்பவர் ரிஜிஸ்ட்ரார் என்கிற பதிவாளர். நான் தொடங்கியது அந்த மேஜையில்தான். உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்களுக்கும் அந்த மேஜைதான் பொருந்தும் என்று தோன்றுகிறது.

கணக்கு வராது என்று சொல்லாதீர்கள்

1920-களில் ஹார்வர்டில் அருங்காட்சியகப் பணிக்கென்றே தனியாக ஒரு பாடத்தை நடத்தியவர் பால் சாக்ஸ். கோல்ட்மன் சாக்ஸ் குடும்பத்தில் பிறந்து, வங்கித் தொழிலை விட்டுவிட்டுக் கலைக்கு வந்தவர். அவரிடம் படித்த ஆல்ஃபிரட் பார், 1929-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றபோது வயது 27. ஓவியத்தைப் படிக்கத் தெரிந்தவர் வரவு செலவையும் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இன்று நேற்று வந்த எதிர்பார்ப்பு இல்லை.

கஷ்டமான கணிதம் எதுவும் தேவையில்லை. கூட்டல் கழித்தலும், எந்தப் பணத்தை எதற்குச் செலவழிக்கலாம் என்கிற தெளிவும் போதும். ஓவியம் வாங்க என்று ஒருவர் எழுதிக்கொடுத்த நன்கொடையில் மின்கட்டணம் கட்ட முடியாது, கையில் வேறு பணமே இல்லாவிட்டாலும். சேகரிப்பிலிருந்து ஒரு படைப்பை விற்றால் அந்தப் பணம் சேகரிப்பின் நலனுக்கு மட்டுமே போக வேண்டும் என்று சர்வதேச அருங்காட்சியகக் குழுவான ஐகாமின் நெறிமுறை சொல்கிறது. பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், வட அமெரிக்கக் கலை அருங்காட்சியக இயக்குநர்கள் சங்கம் இதே மாதிரியான தன் விதியை இரண்டு வருடத்துக்குத் தளர்த்தியது. அது சரியா தப்பா என்று துறைக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. இந்த மாதிரி விஷயங்களில் உங்களுக்கென்று ஒரு கருத்து உருவாக வேண்டுமானால் பட்ஜெட் தாளைப் பார்த்துப் பயப்படக் கூடாது. எக்செல்லில் ஒரு சின்னக் கண்காட்சிக்குச் செலவுக் கணக்கு போட்டுப் பாருங்கள்: பெட்டி செய்ய, லாரிக்கு, காப்பீட்டுக்கு, சட்டகத்துக்கு, பெயர்ப் பலகை அச்சிட. ஒரு வாரத்தில் பயம் போய்விடும்.

சம்பளமில்லாத அந்த ஓராண்டு

இப்போது வந்திருக்கிற வடிவத்தில் அதை ஏற்காதீர்கள் என்பதுதான் என் கருத்து.

இன்டர்ன் என்று பெயர் வைத்துவிட்டால் சம்பளம் தர வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், ஆனால் பெயரை மட்டும் பார்த்து எங்கும் முடிவு செய்வதில்லை. பிரிட்டனில், ஒருவர் செய்வது உண்மையில் ஊழியரின் வேலை என்றால், எந்தப் பெயரில் அழைத்தாலும் குறைந்தபட்ச ஊதியம் உண்டு. படிப்பின் பகுதியாகச் செய்யும் பயிற்சிக்கு விலக்கு இருக்கிறது. பிரான்சில் இரண்டு மாதத்துக்கு மேல் போகும் மாணவர் பயிற்சிக்கு உதவித்தொகை கட்டாயம். அமெரிக்காவில், தனியார் நிறுவன இன்டர்ன்கள் தொடுத்த வழக்கில் 2015-ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த ஏற்பாட்டால் முதன்மையாகப் பயனடைவது யார் என்று பார்க்கச் சொன்னது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் படிப்பு முடிந்துவிட்டது. மாணவர்களுக்கான விலக்கைக் காட்டி உங்களுக்குச் சம்பளம் மறுப்பது பல இடங்களில் எளிதாக இருக்காது. அந்தத் தாளைத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஒரு வழக்கறிஞரிடமோ இலவசச் சட்ட உதவி மையத்திலோ காட்டிவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

நான் மேலே சொன்ன அதே இயக்குநர்கள் சங்கம், இன்டர்ன்களுக்குச் சம்பளம் கொடுங்கள் என்று 2019-ல் தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. சம்பளம் கேட்டால் நன்றி கெட்டவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற உங்கள் தயக்கத்துக்கு இனி இடமில்லை. இயக்குநர்களே பேசிவிட்ட விஷயம் இது.

தாளில் உள்ள இரண்டு நிபந்தனைகளுக்கு வருகிறேன். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாக எழுதுவது முதலாளிக்குச் சொந்தம் என்பது பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம். வேலை ஒப்பந்தம் இல்லாதவர் எழுதுவது, பொதுவாக, அவர் எழுத்துமூலம் மாற்றிக்கொடுக்கும் வரை அவருடையது. ஆக, சம்பளம் கொடுத்தால் கிடைக்கும் உரிமையை, சம்பளம் கொடுக்காமலே உங்கள் கையெழுத்தால் வாங்கப் பார்க்கிறார்கள். குறைந்தபட்சம் உங்கள் பெயரைப் போட வேண்டும், வேலை தேடும்போது அந்த எழுத்தைக் காட்ட உங்களுக்கு அனுமதி வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். விலகினால் பணம் கட்ட வேண்டும் என்கிற நிபந்தனை இருக்கும்வரை கையெழுத்தே போடாதீர்கள்.

கதவை அடித்துச் சாத்திவிட்டு வரவும் வேண்டாம். இப்படி எழுதிப் பாருங்கள்: "உங்கள் கண்காட்சிப் பிரிவில் கற்றுக்கொள்ள மிகவும் விரும்புகிறேன். ஓராண்டு முழுநேரம் ஊதியமின்றி இருக்க என் சூழ்நிலை இடம் தரவில்லை. மூன்று மாதமோ, வாரத்தில் ஒரு நாளோ, உதவித்தொகையுடனான ஏற்பாடோ சாத்தியமா?" இதற்கு வரும் பதிலே அந்த இடத்தைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லிவிடும்.

நானும் படித்து முடித்த கையோடு எட்டு மாதம் சம்பளமில்லாமல் இருந்தேன். இடம் எது என்பது வேண்டாம். நகல் எடுத்தேன், உறைகளில் முகவரி ஒட்டினேன். பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனபோது என்னோடு சேர்ந்து வேலை செய்தவர் மாறிப் போயிருந்தார். மற்றவர்களுக்கு என் பெயரே தெரியவில்லை. என்னோடு சேர்ந்த இன்னொரு பெண் இரண்டாம் மாதமே நின்றுவிட்டாள். என்னைவிட நன்றாக எழுதுவாள், அவள் வீட்டில் யாராவது சம்பாதித்தே ஆக வேண்டியிருந்தது. இப்படித்தான் இந்தத் துறைக்குள் யார் வரலாம் என்பது திறமையைப் பார்க்காமலே முடிவாகிவிடுகிறது. இது என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

டிக்கெட் கவுன்ட்டரும் கிடங்கும்

அப்பாவின் கோபம் புரிகிறது. அவரிடம் ஒன்று சொல்லுங்கள். ராபர்ட் ரைமன் என்கிற ஓவியர் 1953-லிருந்து ஏழு வருடம் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் காவலராக நின்றவர். பின்னாளில் அவர் படங்களே அங்கே தொங்கின. 2022-ல் பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில், சேகரிப்பிலிருந்து படைப்புகளைத் தேர்ந்தெடுத்து ஒரு கண்காட்சியை அமைத்தவர்கள் அங்கே பாதுகாப்புப் பணியில் இருந்த 17 பேர். நாள் முழுக்கப் படங்களோடும் பார்வையாளர்களோடும் நிற்கிறவர்களுக்குத் தெரிவது மாடியில் இருப்பவர்களுக்குத் தெரியாது.

கவுன்ட்டரில் மாலை நேரத்தில் பணத்தையும் டிக்கெட் எண்ணையும் ஒத்துப் பார்ப்பீர்கள். எந்த அறையைக் கேட்டு வருகிறார்கள், எந்தப் பலகையைப் பார்த்தும் வழி புரியாமல் திரும்புகிறார்கள், சக்கர நாற்காலியில் வருபவருக்கு எங்கே தட்டுகிறது என்பதெல்லாம் முதலில் உங்களுக்குத்தான் தெரியவரும். வாசலில் இருப்பவர் செய்வது சின்ன வேலை என்று யாராவது சொன்னால், பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 1990 மார்ச் 18 விடிகாலையில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் உடையில் வந்த இரண்டு பேருக்கு இரவுக் காவலர் கதவைத் திறந்தார். 13 படைப்புகள் போயின. இன்னும் எதுவும் திரும்பவில்லை. வெற்றுச் சட்டகங்கள் அங்கேயே தொங்குகின்றன.

ஆனால் இந்த வழியிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். கூட்டம் கூடினால் "இந்த வாரம் கிடங்கு வேண்டாம், கவுன்ட்டரில் இருந்துவிடு" என்பார்கள். அடுத்த வாரமும் சொல்வார்கள். ஆறு மாதத்தில் அந்த இரண்டு நாளும் கரைந்துவிடும். அதனால் கிடங்கு வேலை வாரத்தில் இரண்டு நாள் என்பதை நியமனக் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். கிடங்கில் யாருக்குக் கீழே வேலை, படங்களைக் கையாளப் பயிற்சி தருவார்களா, பதிவேட்டில் நீங்களே பதியலாமா, வருடக் கடைசியில் பொறுப்பு கூடுமா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த வேலையை வெறும் கவுன்ட்டர் வேலையாக மட்டும் எடைபோடுங்கள்.

கிடங்கு வேலை என்ன கற்றுத்தரும் என்று கேட்டால், ஒரு படம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிவைக்கும் 'நிலை அறிக்கை'யில் நான் எழுதிய முதல் ஒன்றைச் சொல்லலாம். இரவலாக வந்த எண்ணெய் ஓவியம் ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்தது. மூத்த பதிவாளர் அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் படத்தின் பக்கவாட்டில், கிட்டத்தட்டக் கித்தானை ஒட்டிப் பிடித்தார். நேராகப் பார்க்கும்போது வழவழவென்று இருந்த பரப்பில் மேடும் பள்ளமும் வெடிப்பும் நிழலோடு எழுந்து நின்றன. சட்டகத்தின் இடது கீழ் மூலையில் அரை விரல் நீளத்துக்குப் பொன்பூச்சு பெயர்ந்து வெள்ளை தெரிந்தது. "எழுது. மூலையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது, புகைப்படம் எடு, கொண்டுவந்தவர் முன்னாலேயே கையெழுத்து வாங்கு" என்றார். நான்கு மாதம் கழித்துப் படம் திரும்பிப் போனதும், சட்டகத்தை நாங்கள்தான் உடைத்தோம் என்று உரிமையாளரிடமிருந்து கடிதம் வந்தது. அந்த ஒரு பக்கத்தை அனுப்பினோம். பேச்சு அத்தோடு முடிந்தது. பெரிய இடத்தில் இப்படி ஒரு பெட்டி திறக்கும்போது பக்கத்தில் நிற்கவே ஒரு இன்டர்னுக்கு எத்தனையோ நாள் ஆகும். சிறிய இடத்தில் டார்ச்சை உங்கள் கையில்தான் கொடுப்பார்கள், வேறு ஆள் இருக்க மாட்டார்கள்.

முதுகலைக்கு என்ன அவசரம்?

இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1966-லேயே அருங்காட்சியகவியலுக்குத் தனித்துறை வந்துவிட்டது. நல்ல படிப்புதான், நான் அதைக் குறை சொல்லவில்லை. காப்பாட்சியர் ஆக வேண்டுமானால் மேற்படிப்பு இல்லாமல் கஷ்டம். ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பேணும் வேலைக்கு வேதியியலோடு கூடிய தனிப்பயிற்சி கட்டாயம். நிர்வாகத்தில் அப்படி ஒரே விதி இல்லை. நீங்கள் வேலை பார்க்க விரும்பும் இடங்களின் வேலை அறிவிப்புகள் முப்பதை எடுத்து, ஒவ்வொன்றிலும் பட்டம் கேட்கிறார்களா, அனுபவம் கேட்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையை என் சொல்லைவிட அதிகமாக நம்புங்கள்.

கடன் வாங்கும் முன் சம்பளத்தையும் பாருங்கள். இந்தத் துறையில் தொடக்கச் சம்பளம் குறைவு. 2019-ல் அருங்காட்சியக ஊழியர்களே தங்கள் சம்பளத்தை ஒரு பொது விரிதாளில் எழுதத் தொடங்கினார்கள், ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். அதைத் தேடிப் படித்துவிட்டு, மாதத் தவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகு படிக்கப் போனால், பதிவேடா, நிதியா, கல்விப் பிரிவா, எதற்காகப் போகிறோம் என்பது தெரிந்திருக்கும். அதற்குள் செலவில்லாமல் படிக்க நிறைய இருக்கிறது. பிரிட்டனின் ஸ்பெக்ட்ரம் என்கிற சேகரிப்பு நிர்வாகத் தரநிலையை இலவசமாகப் பதிவிறக்கலாம்: ஒரு பொருள் உள்ளே வருவது முதல் வெளியே போவது வரை 21 நடைமுறைகள் அதில் இருக்கின்றன. கலெக்டிவ் ஆக்ஸஸ் என்கிற கட்டற்ற மென்பொருளை நிறுவிப் பார்த்துப் பழகலாம். ஐகாமில் மாணவர்களுக்குத் தனி உறுப்பினர் பிரிவு உண்டு. முதுகலையில் சேரும்போது அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கேலரியில் விற்ற மூன்று படங்கள்

இது யாருக்கும் சம்பந்தமில்லாத விஷயம் என்று நினைக்காதீர்கள். அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறவர் கலைப் பொருள்களை லாபத்துக்கு வாங்கி விற்கும் தொழிலில் இறங்கக் கூடாது என்பது ஐகாம் நெறிமுறை. சொந்தமாக வரைந்ததை விற்பது வேறு, பெரும்பாலான இடங்களில் அதற்குத் தடை இருக்காது. சிக்கல் அந்த கேலரியால் வரலாம். நாளைக்கு அவர்களிடமிருந்து உங்கள் அருங்காட்சியகம் ஒரு படம் வாங்கினால், உள்ளே இருப்பவருக்கும் விற்றவருக்கும் தொடர்பு இருக்கிறது என்ற பேச்சு வரும். சேரும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், அந்த முடிவுகளிலிருந்து விலகி இருங்கள். முன்கூட்டியே சொன்னவரை யாரும் சந்தேகிப்பதில்லை.

நேர்காணலுக்கு என்ன எடுத்துப் போவது?

உங்கள் ஓவியங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அந்த நோட்டை எடுத்துப் போங்கள்.

யாரும் சொல்லாமல் 64 படங்களை அலமாரியிலிருந்து எடுத்து, எண் போட்டு, வரிசையாக எழுதினீர்களே, அதுதான் பதிவாளர் வேலை. சம்பளத்தோடு அதைச் செய்யத்தான் அவர்கள் ஆள் தேடுகிறார்கள். நேர்காணலுக்கு முன் அதைக் கொஞ்சம் செப்பனிடுங்கள். திருடுபோன கலைப்பொருள்களை அடையாளம் காண்பதற்காக உருவான ஆப்ஜெக்ட் ஐடி என்கிற தரநிலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் புகைப்படம், அப்புறம் ஒன்பது விவரங்கள்: என்ன வகை, எந்தப் பொருளால் எந்த முறையில் செய்தது, அளவு, அதில் உள்ள எழுத்தும் குறியும், தனித்துத் தெரியும் அடையாளங்கள், தலைப்பு, என்ன காட்சி, காலம், செய்தவர். உங்கள் பட்டியலில் எதெல்லாம் விட்டுப்போயிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றையும் நிரப்ப நேரம் இருக்காது; பத்துப் படங்களுக்காவது முழுதாகச் செய்யுங்கள். ஒரே ஒரு படத்துக்கு டார்ச் பிடித்து நிலை அறிக்கையும் எழுதுங்கள். ஓவியத்தின் முன்பக்கமோ பேனாவாலோ எண்ணை எழுதியிருந்தால், நேர்காணலில் அதை நீங்களே சொல்லி, இன்றைக்கு என்றால் பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால் எழுதியிருப்பேன் என்று சொல்லிவிடுங்கள். அனுபவமுள்ளவர்கள் அதை ரசிப்பார்கள்.

பட்டியலைப் பார்க்கும் பதிவாளர் யாராக இருந்தாலும், ஏதாவது ஒரு எண்ணில் விரலை வைத்து, "இது இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். நான் கேட்பேன். எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் நேர்காணலுக்கு முந்தின நாள் ஒரு நடை உங்கள் துறைக்குப் போய், 64-ம் அங்கேதான் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.